அரியமானா, தனுஷ்கோடியா? சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

ஏற்காட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். அதிலும் படகில் சுற்றி வரலாம், இறங்கிக் கால் நனைக்க முடியாது. மேட்டூர் போனால் காவிரியில் கொஞ்சம் நனையலாம், மீன் வறுவல் சாப்பிடலாம். கடல் மட்டும் எங்கள் இரண்டு பெண்களும் படத்தில் பார்த்ததோடு சரி. கோடை விழாக் கூட்டம் மலையேறி வரும் மே கடைசியில் நாங்கள் மலையிறங்கினோம். நான், மனைவி, ஏழு வயதும் நாலு வயதுமாகப் பெண்கள், முழங்கால் வலியோடு அம்மா, மச்சான் குடும்பம். மொத்தம் ஒன்பது பேர், ஒரு வேன்.

ராமேஸ்வரம் பக்கம் என்று முடிவாகிவிட்டது. அம்மாவுக்குக் கோயில், பிள்ளைகளுக்குக் கடல். எந்தக் கடற்கரை என்பதில்தான் தகராறு. மச்சான் தனுஷ்கோடி என்றார், நான் அரியமான் என்றேன். கோயிலை ஒட்டிய அக்னி தீர்த்தக் கடற்கரையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அது தீர்த்தமாட வருகிறவர்களுக்கான இடம். ஈரத்துணியும் நெரிசலுமாக இருக்கும் அங்கே பிள்ளைகளை மணல் வீடு கட்ட விட முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரியமான் ராமேஸ்வரம் தீவில் இல்லை. பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்பே, உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே பிரதான சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும். குஷி பீச் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடி தீவின் மறுகோடி. ராமேஸ்வரம் ஊரைத் தாண்டி இருபது கிலோமீட்டர் போனால் அரிச்சல்முனை, அதோடு சாலை முடிந்துவிடும்.

பார்ப்பதற்கு எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் அழிந்த ஊர். தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. பாம்பனிலிருந்து வந்த ரயிலே அலையில் போனது. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சுவர் அருகே வேனை நிறுத்தியபோது இறங்கி நின்றவர் வெகுநேரம் பேசவில்லை. சாலையோ இரண்டு கடலுக்கு நடுவே ஓடுகிறது. முனையை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் இடப்பக்கத்தைப் பெண் கடல் என்றும் வலப்பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள்.

குடும்பத்தோடு எங்கே குளிப்பது என்பதற்கான பதில் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. நாங்கள் போன அன்று வலப்பக்கம் அலை ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்தது. இடப்பக்கம் சலனமே இல்லை. இரண்டுக்கும் நடுவே சில நூறு அடி மணல்தான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கச்சான் என்கிறார்கள். அது மன்னார் வளைகுடாப் பக்கத்தைத்தான் நேராக அடிக்கும். வடக்கே இருக்கும் பாக் நீரிணைக்கு நிலமே மறைப்பு. அதோடு அந்தப் பக்கம் கடலும் ஆழம் குறைந்தது, அலை எழுந்தாலும் பெரிதாக வளராது. அரியமான் இருப்பது இந்தப் பக்கத்தில். கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு என் தரப்பு வாதம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அரியமானில் சின்னவள் முதலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பத்து எட்டு எடுத்து வைத்தோம், தண்ணீர் அவள் முழங்காலில் நின்றது. இன்னும் இருபது எட்டு, இடுப்புக்கு வரவில்லை. நின்று திரும்பி, "அப்பா, இது நம்ம ஏரிதானே?" என்றாள். அதற்கப்புறம் சட்டையை விட்டுவிட்டாள். சிறிது நேரத்தில் அம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றார். அரிச்சல்முனையில் இது நடக்காது. இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம் அது. காலடி மணல் நழுவும், சட்டென்று ஆழமாகும். குளிக்காதீர்கள் என்று எச்சரித்துப் பலகை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது நிழல். அரியமானில் சவுக்குத் தோப்பு இருக்கிறது. பவானி ஜமக்காளத்தை விரித்து அம்மாவை உட்கார வைத்துவிட்டோம். சவுக்கு முள் ஜமக்காளத்தைத் தாண்டியும் குத்தும், அதையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து தட்டுவடை, சட்னி, துருவிய கேரட், பீட்ரூட் எல்லாம் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே இதையெல்லாம் வைத்து, அங்கேயே செட் போட்டுச் சாப்பிடலாம் என்பது என் மனைவியின் யோசனை. முதல் செட்டிலேயே காற்று பீட்ரூட்டை அள்ளி மச்சானின் வெள்ளை வேட்டியில் போட்டது. தனுஷ்கோடியில் இந்த வம்பே இல்லை, உட்கார்ந்து சாப்பிட நிழல் இருந்தால்தானே! பதினோரு மணிக்கு மேல் மணல் கொதிக்கும்.

மச்சான் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அரியமானில் வரலாறு இல்லை, காட்சி இல்லை, ஒரு மணி நேரத்தில் பெரியவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். மீனுக்காக வந்தவர் அவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும் என்பதை மறந்துவிட்டார். நாட்டுப்படகு மீன்தான் கிடைத்தது, விலையும் தூக்கல். அந்தக் கோபத்தையும் அரியமான் கணக்கில்தான் எழுதினார்.

ஆனால் நான் சொன்னதெல்லாம் கோடைக்குத்தான். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில் இன்னொரு தடவை போனோம். வாடைக்காற்றுக் காலம். கணக்கு அப்படியே திரும்பிவிட்டது. அரியமானில் கலங்கிய அலை, கரையெல்லாம் கடற்புல் ஒதுங்கி ஒரு நாற்றம். பிள்ளைகளைக் கணுக்காலுக்கு மேல் விடவில்லை. அதே நாள் தனுஷ்கோடிச் சாலையின் வலப்பக்கம், அந்த ஆண் கடல், அடங்கிக் கிடந்தது. ஒரே ஒரு நாள் பார்த்ததை வைத்துப் பேசுகிறேன், வாடையிலும் நல்ல நாள் இருக்கலாம். வலப்பக்கம் அடங்கியிருந்தாலும் அங்கே பிள்ளைகளை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, மே, ஜூனில் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ராமேஸ்வரத்தில் தங்கி, விடிந்ததும் தனுஷ்கோடி போய்விட்டு ஒன்பது, ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் பாம்பன் பாலம் இறங்கி அரியமான். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். வண்டியில் இரண்டு இருபது லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் இருக்கட்டும். உப்போடும் மணலோடும் பிள்ளைகளை ஏற்றினால் ராமநாதபுரம் தாண்டுவதற்குள் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் பெரியவள் ஏற்காட்டின் இருபதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் சொறிந்துகொண்டேதான் வந்தாள்.