பிரேம் இல்லாத கார்க் கதவு: பேட்டரியைக் கழற்றும் முன் கண்ணாடியை இறக்குங்கள்

கண்ணாடியைச் சுற்றிப் பிரேம் இல்லாத கதவு கொண்ட வண்டி வைத்திருக்கிறீர்களா? ஸ்பீக்கர் மாற்றவோ, அதிர்வையும் சத்தத்தையும் குறைக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டவோ, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினைப் பார்க்கவோ கதவைப் பிரிக்கப் போகிறீர்களா? பேட்டரி இணைப்பைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடி கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை உங்களுடையதாக இருந்தாலும், கடைக்காரருடையதாக இருந்தாலும் இதுதான் முதல் வேலை. கோயம்புத்தூரில் ஒரு கார் டெக்கர்ஸ் கடை இதைச் செய்யாமல் என் வண்டியின் கதவோர ரப்பர் பீடிங்கைக் கிழித்தது. கிழிசலைப் பசை வைத்து மறைத்தது. கடைசியில் செய்யத் தேவையே இல்லாத ஒரு வேலைக்கு என்னிடம் ரூ.2,500 வாங்கிக்கொண்டது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதே வேலையை இதே முறையில் செய்யும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

என்னுடையது மினி கூப்பர், மூன்று கதவு வண்டி (பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று). சாதாரணக் கார்களில் கண்ணாடி கதவின் பிரேமுக்குள்ளேயே ஏறி இறங்கும். கதவை எப்படிச் சாத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மினியில் அப்படியில்லை. கண்ணாடியின் மேல் விளிம்பு, கூரை ஓரத்தில் இருக்கும் ரப்பர் பீடிங்கின் உதட்டுக்குள் போய் உட்காரும். காற்றும் மழையும் உள்ளே வராமல் தடுப்பது அந்த உதடுதான். கைப்பிடியை இழுத்தவுடன் கண்ணாடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தானாக இறங்கி, உதட்டை விட்டு வெளியே வரும். அதன் பிறகுதான் கதவு திறக்கும். கதவைச் சாத்தியதும் மீண்டும் ஏறி உதட்டுக்குள் நுழையும். மஸ்டாங், டெஸ்லா மாடல் 3 எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். பழைய சுபாரு வண்டிகளிலும் பிரேம் இல்லாத கதவுகள் உண்டு, ஆனால் அவற்றில் கண்ணாடி இறங்காது. ரப்பரின் மேல் வெறுமனே அழுந்தி நிற்கும். அதனால் 'பிரேம் இல்லாத கதவெல்லாம் எனக்குப் பழக்கம்' என்று ஒருவர் சொன்னால், எந்த வண்டியில் பழக்கம் என்று கேட்பது நல்லது.

அந்த ஒரு சென்டிமீட்டர் இறக்கத்துக்கு மின்சாரம் வேண்டும். கைப்பிடி கம்பி இழுவையில் வேலை செய்கிறது. பேட்டரி இல்லாவிட்டாலும் கதவு திறந்துவிடும். கண்ணாடி மட்டும் அசையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தால், உதட்டுக்குள் சிக்கியிருக்கும் கண்ணாடி ரப்பரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. அதே நிலையில் திரும்பச் சாத்தினால் கண்ணாடியின் விளிம்பு பீடிங்கின் மேலும் அதை ஒட்டிய பிளாஸ்டிக் பட்டியின் மேலும் போய் மோதுகிறது. கதவுக் கண்ணாடி டெம்பர்டு கண்ணாடி. பரப்பில் அடி தாங்கும், விளிம்பில் தாங்காது. ஓரத்தில் பலமாகப் பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் நொறுங்கிக் கொட்டிவிடும். என் வண்டியில் கண்ணாடி தப்பியது, பீடிங் தப்பவில்லை.

இதையெல்லாம் நான் வண்டியை விடும்போதே கடை உரிமையாளரிடம் சொன்னேன். கையேட்டைத் திறந்து காட்டினேன். "சார், இருபது வருடமாக இதைத்தான் செய்கிறோம். நீங்கள் கவலைப்படாமல் போய் வாருங்கள்" என்றார். வேலை என்னவென்றால் இரண்டு கதவிலும் ஸ்பீக்கர் மாற்றி, உள்தகட்டில் டாம்பிங் ஷீட் ஒட்டுவது. விட்டுவிட்டுக் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டேன்; கதவுகளைத் திறந்து பீடிங்கையும் எடுத்தேன். எந்தக் கடையில் வண்டி விட்டாலும் நான் இப்படி எடுப்பது வழக்கம். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது பில்லில் 'ஸ்கேனர் ரீசெட்' என்று ஒரு வரி இருந்தது. கேட்டேன். "பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கண்ணாடி மெமரி போய்விடும் சார், கம்ப்யூட்டர் போட்டால்தான் வரும்" என்றார் உரிமையாளர். இது பொய். மின்சாரம் போனதும், கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கை மோட்டார் மறந்துவிடும் என்பது உண்மைதான். அதைத் திரும்பக் கற்றுக்கொடுக்கக் கண்ணாடி சுவிட்சே போதும். கதவைச் சாத்திய நிலையில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, மேலே முட்டிய பிறகும் சில விநாடிகள் சுவிட்சை விடாமல் பிடித்திருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி சிறு வித்தியாசம் உண்டு, கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்த இடத்தில், ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. இதற்கு ரூ.2,500. வேறு பழுது இருந்து ஸ்கேனர் தேவைப்படும் வண்டிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. என் வண்டியில் அப்படி எந்தப் பழுதும் இல்லை, அவர்கள் காட்டவும் இல்லை.

பீடிங்கை அன்று இருட்டில் கவனிக்க முடியவில்லை. அவிநாசி சாலையில் வேகம் கூடியதும் ஓட்டுநர் பக்கத்தில் மெல்லிய விசில் சத்தம் வந்தது. மறுநாள் வெயிலில் கதவைத் திறந்து, பீடிங்கின் உதட்டை விரலால் மடக்கிப் பார்த்தேன். முன் கண்ணாடித் தூணும் கூரையும் சேரும் வளைவில் கட்டைவிரல் நீளத்துக்கு உதடு கிழிந்திருந்தது. கிழிசலை உடனடிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். நல்ல பீடிங் விரலுக்கு மெத்தென்று மடங்கும். அந்த இடம் மட்டும் காய்ந்த முருங்கைப் பிசின் போல இறுகிப் பளபளத்தது. அதற்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் பட்டியில் வெள்ளையாக ஒரு கீற்று. பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்தால் வரும் வெளுப்பு அது. பாலிஷ் போட்டால் போகாது.

நடந்ததை அங்கே வேலை செய்த ஒரு தம்பியே பிறகு சொன்னார். கண்ணாடி ஏறியிருந்தது. உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்து போனட்டைத் திறந்திருக்கிறார்கள், கதவைச் சாத்தியிருக்கிறார்கள், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் முனையைக் கழற்றியிருக்கிறார்கள். பிறகு கதவை இழுத்துத் திறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் காட்டிய கையேட்டுப் பக்கம் உரிமையாளரின் மேஜையைத் தாண்டிப் போகவே இல்லை. கிழிந்ததைக் கண்ட பிறகு பசை எடுத்துவரச் சொன்னவரும் உரிமையாளர்தான். என்னால் மன்னிக்க முடியாதது இந்த இடம். தவறு நேர்ந்துவிட்டது என்று அன்றே சொல்லியிருந்தால் பாதிச் செலவை நானே ஏற்றிருப்பேன்.

போய்க் கேட்டபோது, "பழைய வண்டி சார், நம் ஊர் வெயிலில் ரப்பர் முன்பே போயிருக்கும்" என்றார். வீடியோவைக் காட்டினேன். வாய் அடைத்தது; பணம் வரவில்லை.

அந்தக் கடையை நம்பி மறுபடியும் கதவைத் திறக்க விட முடியாது என்பதால் வீட்டிலேயே நானே பிரித்தேன். உள்ளே வேறு இரண்டு கோளாறுகள் இருந்தன. டோர் பேடுக்கு, அதாவது கதவின் உள்பக்க உறைக்குப் பின்னால், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு படலம் ஒட்டியிருப்பார்கள். அதைப் பாதிக்கு மேல் அறுத்து எறிந்திருந்தார்கள். கண்ணாடி வழியாக வழியும் தண்ணீர் கதவின் உள்ளே இறங்கி அடித் துளைகள் வழியாக வெளியே போவதுதான் இயல்பு. படலம் இல்லாவிட்டால் அது டோர் பேடுக்கும் தரை விரிப்புக்கும் வந்துவிடும். பல கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. அங்கே இந்த மூடல் உயிர்ப் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம். டாம்பிங் ஷீட்டோ, பில்லில் பியூட்டில் (ஒரு ரப்பர் வகை) என்று எழுதிவிட்டுத் தார் ஷீட்டை ஒட்டியிருந்தார்கள். வெயிலில் நிற்கும் கதவுத் தகட்டின் சூட்டில் தார் இளகிச் சரியும். ஒரு துண்டு ஏற்கெனவே கண்ணாடி இறங்கும் பாதையை நோக்கி நழுவத் தொடங்கியிருந்தது.

இனி, வீட்டில் செய்பவர்களுக்கு. கண்ணாடியை முழுக்க இறக்கக் கூடாது. பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினால் உள்ளே கை போகவும் இடம் இருக்கும், பீடிங்கையும் தொடாது. முழுக்க இறக்க வேண்டியது ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தம் கண்ணாடியில் இடிக்கிறதா என்று பார்க்கும்போதுதான். அப்போதும் மெதுவாக. கண்ணாடி சுவிட்ச் டோர் பேடிலேயே இருக்கும் வண்டிகளில், பேடைக் கழற்றியதும் சுவிட்சும் கையோடு வந்துவிடும். அதன் பிறகு கண்ணாடியை நகர்த்த வேண்டுமானால் மறுபடி சொருக வேண்டும். ஆகவே உயரத்தை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டு கதவுக் கண்ணாடியையும் இறக்குங்கள், ஒன்றில் மட்டும்தான் வேலை என்றாலும். பேட்டரி இல்லாத நேரத்தில் வீட்டில் யாராவது பையை எடுக்க அடுத்த கதவைத் திறப்பார்கள்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. கதவு நெடுநேரம் திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து பேட்டரி இறங்குகிறதே என்று, கதவு விளிம்பில் உள்ள லாக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தட்டி மூடிவிடுவார்கள். விளக்கு அணையும். ஆனால் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று வண்டி நினைத்து, மிச்சமிருந்த அந்த ஒரு சென்டிமீட்டரையும் ஏற்றிவிடும். அடுத்து யாராவது கதவைத் தள்ளினால் மேலே கண்ணாடி பட்டியில் மோதும்; பக்கத்தில் மூடிய கொக்கி, தூணில் இருக்கும் இரும்பு வளையத்தில் மோதும். கொக்கியைத் தட்டியே ஆக வேண்டுமானால் கூரை ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு தடித்த துண்டை மடித்துத் தொங்கவிடுங்கள். துண்டு இருக்கும் வரை யாராலும் சாத்த முடியாது. வேலை முடிந்ததும் கைப்பிடியை ஒருமுறை இழுத்துக் கொக்கியை விடுவித்து, கண்ணாடி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு துண்டை எடுங்கள்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துவதாக இருந்தால் அவை நின்ற இடத்தை மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிரேம் இல்லாத கண்ணாடிக்கு உயரம், முன்பின், உட்புறச் சாய்வு என்று மூன்று அளவும் சரியாக இருந்தால்தான் உதட்டுக்குள் நேராகப் போகும். சாய்வு சற்று மாறினாலும் விசில் வரும், தண்ணீர் வரும், நாளடைவில் பீடிங்கும் தேயும். சரிபார்க்க எளிய வழி: ஒரு காகிதப் பட்டையைக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, கண்ணாடி ஏறிய பிறகு மெல்ல இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. எனக்கு அந்த ஒட்டுப் போட்ட வளைவில் காகிதம் தடையே இல்லாமல் வந்தது.

பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெயோ, எஞ்சின் ஆயிலோ, சாதாரண கிரீஸோ தடவாதீர்கள். இந்த ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். வகை; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி இளகிவிடும். சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும். நம் வெயிலில் கண்ணாடியோடு ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கும்.

கடையில் விடுவதாக இருந்தால், "பேட்டரி கழற்றும் முன் கண்ணாடியை என்ன செய்வீர்கள்?" என்று வேலை செய்யப்போகும் ஆளிடமே கேளுங்கள். அவர் யோசித்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். டாம்பிங் ஷீட்டை ஒட்டும் முன் அது வந்த அட்டைப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் ஏற்காமல், ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக எழுதிய ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகு கடை, ஸ்கேனர் ரீசெட்டுக்கு வாங்கிய தொகையை மட்டும் திருப்பித் தந்தது. பீடிங்குக்கும் பிளாஸ்டிக் பட்டிக்கும் தார் ஷீட்டுக்கும் பொறுப்பேற்க மறுத்துவிட்டது. எனவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வண்டியை விடும்போது எடுத்த வீடியோ, பியூட்டில் என்று எழுதிய பில், உரித்தெடுத்த தார் ஷீட் துண்டு ஆகியவற்றோடு, பசை ஒட்டிய அந்தப் பீடிங்கையும் வைத்திருக்கிறேன். புதுப் பீடிங் போட்ட இடத்தில் பழையதைக் குப்பையில் போடப்போனார்கள். கேட்டு வாங்கி வந்தேன். நீங்களும் கழற்றிய பாகத்தைக் கடையில் விட்டுவராதீர்கள்.