விபத்து விசாரணைக்கு எது கைகொடுக்கும்: ‘ஐந்து ஏன்’, மீன்முள் படம், காரண மரம்

கங்கைகொண்டான் சிப்காட் ஆனாலும் ராதாபுரம் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர் ஆனாலும், விபத்து விசாரணைத் தாளில் கடைசியில் வந்து விழுவது ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற ஒரே வரிதான். அதைத் தாண்டி உள்ளே போக விடும் முறை எது என்று பார்த்துத்தான் காரண மரத்தை எடுத்தோம்.

காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, மெயினை நிறுத்திப் பூட்டுவது, இடத்தைக் கழுவிவிடாமல் படம் எடுப்பது எல்லாம் இந்த மூன்று முறைகளுக்கும் பொது. காயத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் அரசுக்குக் கொடுக்கும் அறிவிப்பு தனி வேலை. அதைக் கொடுத்துவிட்டால் விசாரணை முடிந்ததாகாது.

‘ஐந்து ஏன்’ என்பது வரும் பதிலுக்கெல்லாம் ‘ஏன்’ என்று ஐந்து தடவை போலக் கேட்டுக்கொண்டே போவது. டொயோட்டாவில் வளர்ந்தது. கால்மணி நேரத்தில் முடியும். தரை வழுக்கி விழுந்தார், விரலில் கீறல் என்றால் அது போதும். ஆனால் ஒரே நூலைப் பிடித்துப் போகும். முதல் பதில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, முடிவும் அந்தப் பக்கமே.

ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவாவின் மீன்முள் படம், காரணங்களை மீன் முள் போலக் கிளை கிளையாக வரைந்து, ஆள், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்று பிரித்துக் காட்டும். பலரும் வாய் திறப்பார்கள், நல்லது. சிக்கல், நடந்ததும் நடந்திருக்கக்கூடியதும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடும்.

காரண மரம் 1970களில் பிரான்சின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.என்.ஆர்.எஸ். உருவாக்கியது. காயத்தை ஒரு ஓரத்தில் எழுதிப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி: இது நடக்க எது தேவைப்பட்டது? அது மட்டும் போதுமா, கூட வேறு ஏதும் சேர்ந்ததா? இரண்டாவது கேள்விதான் கிளையைப் பிரிக்கும்.

கல்லைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டின் கடைசி உருளையில், அதாவது டெயில் புல்லியில், கை சிக்கியது என்று வையுங்கள். கை அங்கே போனது, பெல்ட்டும் புல்லியும் சேரும் இடம் மூடாமல் திறந்திருந்தது, பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது: மூன்றும் சேர்ந்தால்தான் விபத்து. கை போனது, புல்லியில் அப்பிய சேற்றைக் கம்பியால் சுரண்ட. ஐப்பசி மழையில் எம்-சாண்ட் ஈரமாகும். பெல்ட்டில் ஒட்டியதை வழித்துவிடும் ஸ்க்ரேப்பர் ரப்பரும் தேய்ந்திருந்தது. திறந்திருந்தது, அதை மூடும் தடுப்பை, அதாவது கார்டை, ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட் கழற்றி மாட்ட வேண்டியிருந்ததால். ஓட்டத்திலேயே சுரண்டியது, லோடோடு நிறுத்தினால் மோட்டார் திரும்ப எடுக்காது, கல்லை மண்வெட்டியால் இறக்க வேண்டும் என்பதால். அவசரத்துக்கு இழுக்கும் கயிறும் தொய்ந்திருந்தது. ‘கவனக்குறைவு’ என்று எழுத இடமே இல்லை. ரப்பர், கீல் வைத்த கார்டு, கயிறு, லோடு காலியான பின் நிறுத்தும் ஒழுங்கு என்று செய்ய வேண்டியவைதான் வரிசையாக நிற்கின்றன.

மரத்தில் ஏறுவது நடந்தது மட்டுமே. ‘அவசரப்பட்டார்’ என்பது அபிப்பிராயம், ஏறாது. அதனால் சாட்சி பலமாக இருக்க வேண்டும், நேரமும் பிடிக்கும். பார்த்தவர்களை அன்றைக்கே, தனித்தனியாக, இயந்திரத்தின் பக்கத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்றால் வாய் அடைத்துவிடும். ‘அப்புறம் என்ன நடந்தது’ என்றால் பேசுவார்கள். பீகார், ஒடிசாக்காரர்களிடம் கேட்கும்போது ஆள் கூட்டிவந்த காண்டிராக்டரின் மேஸ்திரியை மொழிபெயர்க்க விடாதீர்கள். அவர் முன்னால் கார்டு கழன்று கிடந்த கதை வெளியே வராது.

காற்றாலை, ரசாயன ஆலை போன்ற இடங்களில் இது மட்டும் போதும் என்று சொல்ல மாட்டோம். அங்கே கட்டுப்பாட்டுக் கருவிகளின் பதிவைப் படிக்கத் தெரிந்தவரும் உடன் உட்கார வேண்டும். கிரஷர், அரிசி ஆலை, மரம் அறுக்கும் மில் என்றால் தயங்காமல் காரண மரம். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் போய், பெல்ட் ஓடும்போது கார்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கோப்பை மூடுங்கள்.