சட்பரி அரங்கும் வுல்வ்ஸ் அணியும்: சீசன் டிக்கெட் எடுக்கலாமா?

டொரான்டோவிலிருந்து குடும்பத்தோடு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலேயே உள்ள சட்பரிக்கு மாறி வரும் நண்பர் ஒருவர், "பிள்ளைகளுக்கு ஹாக்கி என்றால் உயிர். வுல்வ்ஸ் அணிக்கு சீசன் டிக்கெட் எடுத்துவிடலாமா?" என்று கேட்டார். வுல்வ்ஸ் என்றால் ஓநாய்கள், ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் ஆடும் இந்த ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி. போனில் ஆமாம், இல்லை என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. பல குளிர்காலங்களாக அந்த அணி ஆடும் அரங்கில் உட்கார்ந்து பார்த்தவன் நான். கொண்டாட நிறைய இருக்கிறது. கோபப்பட ஒன்றே ஒன்று இருக்கிறது, அது பெரியது.

எல்ஜின் தெருவில், ரயில் நிலையத்தின் பக்கத்தில் நிற்கும் இந்த அரங்கு 1951-இல் திறக்கப்பட்டது. சுமார் 4,600 பேர் உட்காரலாம். ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து, இசை நிகழ்ச்சி என்று ஊருக்கு வேண்டிய எல்லாமே இந்த ஒரே கூரையின் கீழ்தான் நடக்கிறது. கூடைப்பந்தா, ஐஸை உருக்குவதில்லை. மேலே பலகைகளைப் பரப்பி அதன்மேல் ஆடுதளத்தை விரித்துவிடுகிறார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் எல்லாம் கழன்று, பழையபடி வெள்ளைத் தரை தயாராகிவிடுகிறது.

புதிய அரங்குகளின் சொகுசு இங்கே கிடையாது. ஆனால் அவற்றில் கிடைக்காத ஒன்று இருக்கிறது: நெருக்கம். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் ஆட்டக்காரனின் முகம் தெரியும். சறுக்குக் காலணி பனியைக் கீறும் ஓசை, பக் எனும் ரப்பர் வட்டு பலகைச் சுவரில் மோதித் தெறிக்கும் சத்தம், பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் காதில் விழும். தொலைக்காட்சியில் மட்டும் ஹாக்கி பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் வேகம் என்னவென்று முதல் ஐந்து நிமிடத்திலேயே இங்கே புரிந்துவிடும்.

அப்புறம் அந்த ஓநாய். வுல்வ்ஸ் கோல் போட்டதும், பாடம் செய்யப்பட்ட நிஜ ஓநாய் ஒன்று கூரையோரத்திலிருந்து கப்பியில் தொங்கியபடி எதிரணியின் பெஞ்சுப் பக்கமாக நகர்ந்து வரும், ஊளைச் சத்தத்தோடு. இத்தனை ஆண்டுகள் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. பெரிய நகரங்களில் ராட்சதத் திரையும் லேசர் ஒளியும் வைத்து ஆயிரம் செய்கிறார்கள். இந்த ஒரு ஓநாய்க்கு எதுவும் ஈடாகாது. முதல்முறை வரும் குழந்தைகள் கோலைக் கவனிப்பதில்லை, அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறார்கள்.

கட்டடத்தின் குறைகள் ஊரறிந்தவை. குறுகலான நடைவழிகள், அந்தக் காலத்துக் கட்டுமானம். புதிய அரங்கு எங்கே கட்டுவது என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 2017-இல் நகருக்கு வெளியே கிங்ஸ்வே சாலையோரம் என்று நகரசபை தீர்மானித்தது. செலவு ஏறிக்கொண்டே போக, 2022-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2024-இல் நகர மையத்திலேயே சுமார் 20 கோடி டாலரில் புதிதாகக் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. நகர மையத்தை விட்டுப் போகவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஆட்டம் முடிந்து அக்கம்பக்கத்து உணவகங்களுக்குள் கூட்டம் நுழைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிம்மதி புரியும்.

அணியின் பெருமைக்கு வருகிறேன். நிக்கல் சுரங்கங்களால் வளர்ந்த இந்த ஊரில் ஹாக்கியின் வேர் ஆழமானது. 1932-இல் சட்பரி கப் வுல்வ்ஸ் (கப் என்றால் இங்கே குட்டி) என்ற அணி, கனடிய ஜூனியர் ஹாக்கியின் உச்சமான மெமோரியல் கோப்பையை வென்றது. 1938-இல் இந்த ஊரின் பெரியவர் அணி கனடாவின் சார்பில் போய் உலகச் சாம்பியன் பட்டத்தோடு திரும்பியது. 1949-இல் டென்மார்க்கை 47-0 என்று அடித்ததும் இவ்வூர் அணிதான். இப்போதைய ஜூனியர் அணி 1972-இல் வந்தது. அன்றுமுதல் ஒன்டாரியோ ஹாக்கி லீக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 1976-லும் 2007-லும் இறுதிச்சுற்று வரை போய்த் தோற்றது. 2007-இல் பயிற்சியாளர் மைக் ஃபோலிக்னோ. அணியில் அவருடைய மகன் நிக். மைக் 1978-79 பருவத்தில் இதே அணிக்காக 150 புள்ளிகள் (போட்ட கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து) குவித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். அப்பா ஆடிய ஐஸில் மகன் ஆட, அப்பாவே பெஞ்சில் நின்று வழிநடத்துவதெல்லாம் சின்ன ஊர்களுக்கே வாய்க்கும்.

கோப்பை இல்லாததில் எனக்குக் கோபமில்லை. கோபம் ஜனவரி மாதத்தின்மேல்.

ஆடுகிறவர்கள் 16 முதல் 20 வயதுப் பிள்ளைகள். பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். பெற்றோரை விட்டு வந்து உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே ஆடுகிறார்கள். மளிகைக் கடையிலும் நூலகத்திலும் எதிர்ப்படுவார்கள். அக்டோபரில் பெயர் தெரியாதவன், நவம்பர் முடிவதற்குள் நம் வீட்டுப் பையனாகிவிடுகிறான். ஜனவரி 10-ஐ ஒட்டி வீரர் பரிமாற்றக் கெடு வரும். கோப்பைக்கு வாய்ப்புள்ள அணிகள் மூத்த ஆட்டக்காரர்களை வாங்கும். மற்ற அணிகள் அவர்களைக் கொடுத்துவிட்டு, இன்னும் லீக்குக்கே வராத பதினைந்து வயதுப் பிள்ளைகளை, அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் லீக்கின் தேர்வில் எடுத்துக்கொள்ளும் உரிமைகளை வாங்கிக்கொள்ளும். லீக்கில் எல்லா அணிகளும் செய்வதுதான், விதிப்படிதான். வயது வந்த தொழில்முறை வீரர்களிடையே இது நடந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

என் மகளுக்குப் பிடித்த தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது, அவள் நிற்கும் இடத்துக்கு நேரே வந்து கண்ணாடியில் மட்டையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவான். அவனும் ஒரு ஜனவரியில் வேறு ஊருக்குப் போனான். செய்தியைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா, அவனுக்கு இந்த மாதக் கடைசியில்தானே பரீட்சை?" ஒன்டாரியோ உயர்நிலைப் பள்ளிகளில் முதல் பருவத் தேர்வு ஜனவரி இறுதியில்தான் வரும். அதற்குச் சரியாக இரண்டு மூன்று வாரம் முன்பு பதினேழு வயதுப் பையனைப் பெட்டி கட்டச் சொல்கிறோம். இந்தக் கெடுவைப் பிப்ரவரி முதல் வாரத்துக்குத் தள்ளிவைப்பதில் யாருக்கு என்ன நட்டம்? ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்விக் கட்டணம் தருகிற லீக் இது. படிப்பின்மேல் அக்கறை உண்டு என்பதற்கு அதுவே சான்று. அந்த அக்கறையை நாள்காட்டியிலும் காட்டலாமே.

பரிமாற்றம் பறிக்காதவர்களையும் காலம் பறிக்கிறது. 2018-இல் லீக்கின் தேர்வில் முதல் ஆளாக சட்பரி எடுத்தது குவின்டன் பைஃபீல்டை. 2019-20 பருவத்தில் 45 ஆட்டங்களில் 82 புள்ளிகள். மார்ச்சில் பெருந்தொற்று வந்து பருவம் பாதியில் நின்றது. பெரிய தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல்.-இன் தேர்வில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது, அடுத்த ஜூனியர் பருவமே ரத்தானது, அவர் திரும்பவேயில்லை. எழுந்து நின்று கைதட்டி வழியனுப்ப இந்த ஊருக்கு ஒரு மாலைகூடக் கிடைக்கவில்லை. மாறாக, இஸ்ரேலில் பிறந்து சக்கரக் காலணியில் ஹாக்கி பழகி, 2015-இல் முதல் தேர்வாக வந்த டேவிட் லெவின் தன் ஜூனியர் காலம் முடியும்வரை இங்கேயே ஆடினார். என்.ஹெச்.எல். அணி எதுவும் அவரைத் தேர்வு செய்யவில்லை. எனக்கோ பைஃபீல்டுக்குச் சமமாகவே அவரும் பிரியமானவர், நின்றவர் அல்லவா. இனி அப்படி நிற்பவர்கள் குறைவார்கள் என்று நினைக்கிறேன். 2025 ஆகஸ்டிலிருந்து இந்த லீக்கில் ஆடியவர்கள் அமெரிக்கக் கல்லூரி அணிகளிலும் ஆடலாம் என்று விதி மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு அது நல்லது, மறுக்கவே மாட்டேன்.

அரங்குக்கு மதிப்பெண் கேட்டால் முழுதும் கொடுப்பேன். பழைய கட்டடம் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆனால் சீசன் டிக்கெட் வேண்டாம். 34 உள்ளூர் ஆட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஜனவரி கெடுவுக்குப் பிறகு வருகிறது. இந்த ஆண்டு நானும் புதுப்பிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வரை தனித்தனி டிக்கெட்டாக எடுத்துப் பாருங்கள். எதிரணி பெஞ்சுக்கு எதிர்ப்புறமாக இடம் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கினால், முதுகில் ஆட்டக்காரன் பெயர் எதையும் அச்சிடாமல் வாங்குங்கள்.