ஆபீஸ் மெயில் யார் போனில்? கடலூர், புதுச்சேரி கம்பெனிகளுக்கு மூன்று வழிகள்

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் ஐம்பது, நூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனிகளுக்கு, ஆபீஸ் தகவலை ஊழியரின் கைக்குக் கொண்டுசேர்க்க மூன்று வழி இருக்கிறது. கம்பெனியே போன் வாங்கித் தரலாம். ஊழியரின் சொந்த போனில் மெயிலைப் போட்டுத் தரலாம். எதுவும் செய்யாமல் வாட்ஸ்அப் குரூப்பிலேயே ஓட்டலாம். நான் பார்த்தவரை மூன்றாவதுதான் அதிகம்.

வாட்ஸ்அப்புக்குச் செலவில்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த மாதிரி நேரத்தில் "யாரும் கிளம்ப வேண்டாம்" என்று சொல்ல அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் அதே குரூப்பில் விலைப்பட்டியலும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் போகின்றன. வேலையை விட்டவரைக் குரூப்பிலிருந்து எடுக்கலாம். அவர் போனில் இறங்கிய ஃபைலை எடுக்க முடியாது. கஸ்டமரும் அவர் நம்பருக்கே கூப்பிட்டுப் பழகியிருப்பார்.

கம்பெனி போன் என்றால் கட்டுப்பாடு முழுசாகக் கையில் இருக்கும். ஆனால் இரண்டு போன் தூக்க யாருக்கும் பிடிக்காது. ஒன்று சார்ஜ் இல்லாமல் டிராயரில் கிடக்கும். கேட், லேப், மெயின்டனன்ஸ் மாதிரி ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும் இடங்களுக்கு மட்டும் வாங்குங்கள். ஆள் மாறினாலும் நம்பர் மாறாது. எளிதில் தீப்பற்றும் சால்வென்ட் (கரைப்பான்) கையாளும் பிளாண்டுக்குள் சாதாரண போனே கொண்டுபோகக் கூடாது. அங்கிருப்பவருக்கு அவசரமென்றால் இன்டர்காம்தான்.

சொந்த போனில்தான் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனோடு வரும் மெயில் ஆப்பில் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில்) கணக்கைச் சேர்க்கும்போது, "டிவைஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" அனுமதி கேட்டு ஒரு திரை வரும். எல்லா டேட்டாவையும் அழிக்கும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருக்கும். படிக்காமல் ஓகே தட்டுவார்கள். பிறகு அவர் வேலையை விடும்போது ஆபீஸிலிருந்து அழிப்புக் கட்டளை போனால், மெயிலோடு பிள்ளையின் போட்டோவும் போய்விடும். ஒரு கம்பெனி தன் ஊழியருக்கு இதைச் செய்யவே கூடாது.

ஆண்ட்ராய்டில் 2014-இல் வெளிவந்த 5.0 முதல் 'வொர்க் புரொஃபைல்' இருக்கிறது. ஆபீஸ் ஆப்கள் பெட்டிச் சின்னத்தோடு தனியாக நிற்கும். வீட்டுக்குப் போனதும் அந்தப் பகுதியை நிறுத்தி வைக்கலாம். கம்பெனி அந்தப் பகுதியை மட்டும்தான் அழிக்க முடியும். சொந்தப் படத்தையோ மெசேஜையோ பார்க்க முடியாது. ஐபோனில் இதே மாதிரி ஏற்பாடு 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்தது. இதையெல்லாம் ஆபீஸிலிருந்து நிர்வகிக்கும் சாப்ட்வேருக்குச் சந்தா கட்ட வேண்டும், ராம் குறைந்த பழைய போன் திணறும். அந்தப் போன்களுக்கு மைக்ரோசாஃப்டின் மெயில் ஆப்பான அவுட்லுக் போதும். அழித்தால் அதிலுள்ள ஆபீஸ் டேட்டா மட்டுமே போகும்.

எதைப் போட்டாலும் "சார், மெயில் வரல" என்ற போன் வரும். விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த மெயில் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். பேட்டரி அமைப்பில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகும். மைக்ரோசாஃப்ட் மெயிலில் பாஸ்வேர்டை மட்டும் அனுப்பும் பழைய உள்நுழைவை 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள். பழைய மெயில் ஆப் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஆப்பை மாற்றுங்கள்.

மேஜை வேலைக்காரர்களுக்கு என் தேர்வு வொர்க் புரொஃபைல்தான். சொந்த போனைக் கேட்பதால் ரீசார்ஜில் ஒரு பங்கைக் கம்பெனி தர வேண்டும். இரவில் வொர்க் புரொஃபைலை நிறுத்தி வைத்ததற்கு யாரையும் கேள்வி கேட்கமாட்டோம் என்று எழுத்திலும் கொடுக்க வேண்டும்.