மாணவர் பைச் சோதனைப் பயிற்சி: 80 வெள்ளிக்குத் தகுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த அரை நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். பல வருடம் ‘ஸ்பாட்செக்’ என்ற திடீர்ச் சோதனை நடத்திய கட்டொழுங்கு ஆசிரியை நான். குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. கறிபாப் பலகாரம் மட்டும் சூடு.

அமெரிக்க வழக்குகளை விளக்கிய விதம் அருமை. அங்கே அரசுப் பள்ளியில் சோதிக்க வாரண்ட் வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1985 தீர்ப்பு. ஆனால் சோதனை அளவு மீறக் கூடாது. வலி மாத்திரை தேடி 13 வயது மாணவியின் உடையைக் களையச் சொன்னது தவறு என்று 2009இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு கைப்பேசிக்காக வகுப்பு முழுவதையும் பையைக் கொட்டச் சொன்னவள் நான். கொஞ்சம் குறுகிப்போனேன்.

நம் பள்ளிக்கேற்ற மாதிரி விதிமுறை கேட்டேன். “மின்னஞ்சலில் வரும் டீச்சர்” என்றார்கள். மூன்று வாரமாச்சு.