மூக்குச்சக்கரமா, வால்சக்கரமா: கிளைடர் மாணவரை எதில் உட்கார வைப்பது?

எஞ்சின் இல்லாமல் பறக்கும், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி கிளைடர் ஒன்றை வாங்க ஒரு கிளப் உட்கார்ந்து பேசினால் விலை, உதிரி பாகம், காப்பீடு, வெளியே நிறுத்தலாமா ஹாங்கர் வேண்டுமா என்று பேச்சு ஓடும். பிரதான சக்கரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், அதுவும் யாராவது பழைய பயிற்சியாளர் எழுப்பினால். ஆனால் மாணவரின் கையில் என்ன பழக்கம் படியும் என்பதை அந்தச் சக்கரம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது.

போட்டியில் மூன்று பேர். ஒன்று அமெரிக்காவின் ஷ்வைட்சர் 2-33. 1960களில் வந்த உலோகக் குழாய்ச் சட்டகக் கிளைடர், மூக்கின் அடியில் நீளமான சறுக்குக்கட்டை. இரண்டு, ஜெர்மனியின் ஷ்லைக்கர் நிறுவனம் 1979-இல் பறக்கவிட்ட ஏஎஸ்கே 21. ஃபைபர்கிளாஸ் உடம்பு, 17 மீட்டர் இறக்கை, மூக்கில் ஒரு சின்னச் சக்கரம். மூன்று, செக் நாட்டின் பிளானிக் குடும்பம். 1956-இல் முதலில் பறந்த எல்-13, அதன் பின்வாரிசான எல்-23. இவற்றில் மூக்கில் எதுவும் கிடையாது. நடுவே ஒரு பெரிய சக்கரம், வாலில் ஒரு தாங்கல், அவ்வளவுதான்.

2-33, ஏஎஸ்கே 21 இரண்டிலும் ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரத்துக்கு முன்னால் வந்துவிடும். வண்டி மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கும். பிளானிக்கில் ஈர்ப்பு மையம் சக்கரத்துக்குப் பின்னால். ஆள் ஏறினாலும் வாலில்தான் உட்கார்ந்திருக்கும். சில அங்குல வித்தியாசம்தான், ஆனால் தரையில் குணமே மாறிவிடுகிறது. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லேசாகத் திரும்பினாலே அது முழுக்கச் சுழலப் பார்க்கும். ஈர்ப்பு மையம் பின்னால் இருக்கும் கிளைடரும் அப்படித்தான். ஒரு பக்கம் திரும்ப ஆரம்பித்தால், பின்னாலுள்ள எடை முன்னே வரத் துடிக்கும், திருப்பம் தானாகவே வளரும். இதன் உச்சம்தான் கிரவுண்ட் லூப், அதாவது தரையில் கட்டுப்பாடின்றி வண்டி சுழன்றுவிடுவது. மூக்கு ஊன்றிய கிளைடரில் அதே திருப்பம் தானாகவே அடங்கப் பார்க்கும்.

முதலில் புறப்பாடு. இங்கே வித்தியாசம் பலர் சொல்லும் அளவுக்குப் பெரியதில்லை என்பது என் எண்ணம்.

கயிறு கட்டி இழுக்கும் இழுவை விமானத்தின் பின்னால் 2-33 நகர ஆரம்பிக்கும்போது மாணவர் ஸ்டிக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியை, பின்னால் பிடித்திருக்க வேண்டும். சறுக்குக்கட்டை மண்ணை உரசிக்கொண்டே போனால் வேகம் ஏறாது, இழுப்பவருக்கும் பாரம். மூக்கு எழுந்ததும் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னே விட்டு, பிரதான சக்கரம் ஒன்றின் மேல் மட்டும் கிளைடரை நிறுத்திக்கொண்டு ஓட வேண்டும். ஏஎஸ்கே 21-இலும் இதே கதைதான், உரசலுக்குப் பதில் மூக்குச்சக்கரம் கடகடக்கும். மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது இரண்டாம் பாதியில். மூக்கு எழுந்த சந்தோஷத்தில் ஸ்டிக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார்கள். கிளைடர் குறைந்த வேகத்திலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு தரையைவிட்டு எழும், பிறகு இழுவை விமானத்துக்கு மேலே ஏறிவிடும். மேலே ஏறும் கிளைடர் இழுவை விமானத்தின் வாலையும் தூக்கிவிடும். தரைக்கு அருகே இது நடந்தால் முன்னால் இருப்பவருக்கு மூக்கை நிமிர்த்த வழியே இருக்காது. இழுவைப் பறப்பில் மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான்.

பிளானிக் போன்ற வால்சக்கரக் கிளைடரில் பயிற்சியாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஸ்டிக்கைப் பின்னால் வைத்து வாலைத் தரையோடு அழுத்தித் தொடங்கு என்பார்கள் ஒரு சாரார். தொடக்கத்திலேயே ஸ்டிக்கை முன்னே தள்ளி வாலைச் சீக்கிரம் தூக்கு என்பார்கள் இன்னொரு சாரார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான கிளைடர்களில் வால்சக்கரம் திரும்பாது, நேராகவே உருளும். அது தரையை அழுத்திக்கொண்டிருக்கும்வரை நேர்கோட்டில் பிடித்து வைக்கும். காலால் இயக்கும் வால் சுக்கானான ரட்டருக்கு இன்னும் உயிர் வராத முதல் சில நொடிகளில் இது பெரிய உதவி. பக்கக்காற்று அடித்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் வால் தாழ்ந்திருக்கும்போது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அதிகம், அந்த நிலையில் இறக்கையைச் சாய்த்து நிமிர்த்தும் ஏலரான்கள் மந்தமாகத்தான் வேலை செய்யும். ஒரு இறக்கை சாய ஆரம்பித்தால் நிமிர்த்துவது கஷ்டம். வாலைத் தூக்கினால் கோணம் குறையும், ஏலரான் சீக்கிரம் பிடிக்கும். இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் என்ற அசையும் பகுதி உள்ள சில போட்டிக் கிளைடர்களில், ஓட்டத்தின் தொடக்கத்தில் அதை மேல்நோக்கிய எதிர்நிலையில் வைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

பயிற்சிக்கு நான் முதல் கட்சி. ரட்டர் வேலை செய்வது கால்களுக்குத் தெரியும்வரை வால் தரையில் இருக்கட்டும். அப்புறம் ஸ்டிக்கை மெல்ல முன்னே விட்டு, வால் ஒரு ஜாண் எழுந்தால் போதும், பிரதான சக்கரத்தின் மேல் ஓடு. அந்த மாடலின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. பின்பக்கக் காற்றில், மெதுவாக முடுக்கும் இழுவை விமானத்தோடு கிளம்புவதாக இருந்தால் இரண்டாம் கட்சியின் பேச்சையும் கேட்க வேண்டியிருக்கும். எப்படியானாலும் இடது கை கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் கைப்பிடியை விட்டு அகலக்கூடாது. இறக்கை தரையைத் தொடப்போகிறது என்று தெரிந்தால் விடுவித்துவிட வேண்டும், தொட்ட பிறகு யோசிக்க நேரமிருக்காது.

இரண்டு வகையிலும் கை செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றே என்பதைக் கவனியுங்கள். முதலில் பின்னால், பிறகு மெல்ல முன்னால், கடைசியில் ஒற்றைச் சக்கரத்தில் சமநிலை. தொடக்கக் காரணங்கள் வேறு, போய்ச்சேரும் இடம் ஒன்று. அந்தச் சமநிலை ஓட்டத்தை இலக்காக வைத்துச் சொல்லிக்கொடுத்தால், ஏஎஸ்கே 21-இல் கற்றவர் பிளானிக்கில் ஏறினாலும் புறப்பாட்டில் பெரிதாகத் தடுமாற மாட்டார்.

தரையிலுள்ள இயந்திரம் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் புறப்பாட்டில் முடுக்கம் பலம், எல்லாமே சில நொடிகளில் முடிந்துவிடும். மூக்கில் நிற்கும் கிளைடர் இழுப்பு வந்ததும் வாலுக்குச் சாய்ந்து விழும், வாலில் நிற்பது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. அந்த அளவில் வால்சக்கரத்துக்கு ஒரு சின்ன அனுகூலம். பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005-இல் தொடங்கிய பாதுகாப்பான விஞ்ச் இயக்கம் வலியுறுத்திய விஷயங்கள், அதாவது இறக்கை சமமாக இல்லாவிட்டால் உடனே விடுவிப்பது, ஏறுகோணத்தைப் படிப்படியாகக் கூட்டுவது, இரண்டு வகைக்கும் பொது.

உண்மையான சண்டை தரையிறக்கத்தில்தான்.

ஏஎஸ்கே 21 மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி வருகிறது. கடைசியில் மூக்கை நிமிர்த்தி வேகத்தைக் குறைப்பதை மாணவர் பாதியோடு நிறுத்திவிடுகிறார். வேகம் இன்னும் நிறைய மிச்சம். சக்கரம் தட்டையாகத் தரையில் படுகிறது. ஈர்ப்பு மையம் முன்னால் இருப்பதால் மூக்கு தானாகக் கீழே விழுகிறது, இறக்கையின் கோணம் குறைகிறது, தூக்குவிசை போய்விடுகிறது, கிளைடர் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. மூக்குச்சக்கரம் 'தொம்' என்று ஒரு சத்தம் போடும். மாணவர் நல்ல லேண்டிங் என்று நினைத்துக்கொள்வார். பின்சீட்டில் இருப்பவர் களைத்துப்போயிருந்தால் அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அதையே பிளானிக்கில் செய்து பாருங்கள். சக்கரம் படுகிறது. எடை பின்னால் இருப்பதால் வால் கீழே போகிறது, இறக்கையின் கோணம் கூடுகிறது, வேகமும் மிச்சம் இருக்கிறது. கிளைடர் திரும்பப் பறக்க ஆரம்பிக்கிறது. மாணவர் பதறி ஸ்டிக்கை முன்னே தள்ளுகிறார். இரண்டாம் முறை படுவது முதல் முறையைவிடப் பலமாக. மறுபடி எழும்பல், மறுபடி தள்ளல். மூன்றாவது குதிப்பு வரும்வரை காத்திருக்கிற பயிற்சியாளர் விமானத்தைப் பட்டறைக்கு அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். சின்னக் குதிப்பு என்றால் மூக்கின் நிலையை மாற்றாமல் பிடித்து, வேகம் வடிய வடிய மறுபடி மெல்ல இறக்கினால் போதும். பெரிய குதிப்பு என்றால் இறக்கையிலிருந்து நீளும் காற்றுத்தடையான ஏர்பிரேக்கைக் கொஞ்சம் உள்ளே விட்டு, நிலையைச் சரிசெய்து, புதிதாக ஒரு தரையிறக்கம்.

தவறைப் பிளானிக் உடனே, உரக்கச் சொல்லிவிடுகிறது. ஏஎஸ்கே 21 மறைத்து வைக்கிறது. கிளைடரில் இது சாதாரண விஷயமில்லை. எஞ்சின் விமானத்தில் தொட்டுவிட்டு எழுந்து, அரைமணி நேரத்தில் நாலைந்து தரையிறக்கம் பழகலாம். இங்கே ஒரு தரையிறக்கத்துக்கு ஒரு முழுப் புறப்பாடு செலவாகிறது. மறுபடி சுற்றி வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நாளில் மாணவருக்கு மூன்று வாய்ப்பு கிடைத்தால் அந்த மூன்றும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

வால்சக்கரக் கிளைடரில் சரியான தரையிறக்கம் என்று பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்வது பிரதான சக்கரமும் வாலும் ஒரே நேரத்தில் படுவது. வாலும் தரையில் இருக்கும்போது கோணம் இன்னும் கூட வழியில்லை, வேகமும் குறைந்தபட்சம், ஆகவே குதிக்காது. பிரதான சக்கரம் முந்திப் படுவது கொந்தளிப்பான காற்றில் சிலருக்குப் பிடிக்கும், கட்டுப்பாடு கூடுதல் என்பார்கள். அது கை தேர்ந்தவர்களுக்கு. வால் மிகவும் முந்திப் பட்டால் பிரதான சக்கரம் மேலிருந்து தொப்பென்று விழும், முதுகெலும்புக்கு நல்லதில்லை.

வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். 90 கிலோமீட்டரில் தொடுவதற்கும் 70-இல் தொடுவதற்கும் இடையே தரையில் கரைக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல் வேறுபடும். ஏர்ஃபீல்டின் நீளமான புல்லில் இது தெரியாது. தொலைதூரப் பறப்பில் தூக்குக்காற்று கிடைக்காமல் யாரோ ஒருவரின் உழுத வயலில் இறங்கும்போது தெரியும்.

பிளானிக்கின் இன்னொரு வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. அது தரையில் நிற்கும் நிலையும் சரியாகத் தரையிறங்கும் நிலையும் ஒன்று. பறப்பதற்கு முன் மாணவரை உட்கார வைத்து, மூக்கின் விளிம்பு அடிவானத்தில் எங்கே வெட்டுகிறது என்று ஒரு நிமிடம் பார்க்கச் சொன்னால் போதும், கடைசி நொடியில் தேட வேண்டிய படம் அதுதான். ஏஎஸ்கே 21-இல் இதைக் காட்ட ஒருவர் பின்னால் போய், செங்குத்து வால் தொடங்கும் இடத்தருகே உடம்பை அழுத்தித் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கிடைமட்ட வாலைப் பிடித்துத் தொங்கக்கூடாது. அலுப்பான வேலைதான், ஆனால் பத்துத் தடவை பேசிப் புரியவைப்பதைவிட மேல்.

தொட்ட பிறகான பழக்கங்களில்தான் 2-33 அதிகம் கெடுக்கிறது. அதில் நிற்க வேண்டும் என்றால் ஸ்டிக்கை முன்னே தள்ளுவார்கள், சறுக்குக்கட்டை மண்ணில் உரசிப் பிரேக் போலப் பிடிக்கும். வசதியான தந்திரம். அதே கையோடு பிளானிக்கில் ஏறினால், முன்னே தள்ளியதும் வால் எழுந்து நேர்கோட்டுப் பிடிப்பு போய்விடும், கிரவுண்ட் லூப்புக்கு அழைப்பு விடுத்தாயிற்று. சக்கரப் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் மூக்கின் அடிப்பாகம் தரையைத் தேய்க்கும். வால்சக்கரத்தில் தொட்டதும் ஸ்டிக் படிப்படியாகப் பின்னால் போய் முட்டி நிற்க வேண்டும், கால்கள் முழுதாக நிற்கும்வரை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கிரவுண்ட் லூப் இனித் தவிர்க்க முடியாது என்றாகிவிட்டால் ஸ்டிக்கை முன்னே தள்ளி வாலைத் தூக்கிவிட வேண்டும். வால் தரையில் பதிந்தபடி பக்கவாட்டில் இழுபட்டால் பின் உடம்பு முறியும். எல்-23 போல கிடைமட்ட வால் உச்சியில் இருக்கும் கிளைடர்களில் முறுக்குவிசை இன்னும் அதிகம். இதை மாணவருக்கு எப்போது சொல்வது? முதல் நாளே சொன்னால் குழப்பம். தனியாகப் பறக்கவிடும் முன் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்க விமானப்படை அகாடமி 2000களின் தொடக்கத்தில் 2-33-இலிருந்து எல்-23-க்கு மாறியது. கொலராடோவில் அந்த ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து 6,500 அடிக்கு மேல். வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் மெலிந்த காற்றில் உண்மையான வேகம் பத்து சதவீதம் கூட, வெயில் நாளில் இன்னும் கூட. தட்டையாகத் தொடும் மாணவருக்கு அப்படிப்பட்ட இடம் இரக்கம் காட்டாது.

சரி, பிளானிக்கின் பக்கம் குறையே இல்லையா? இருக்கிறது. தொடக்க மாணவரிடம் பயிற்சியாளர் அடிக்கடி கட்டுப்பாட்டைப் பறிக்க வேண்டியிருக்கும். சிலர் அதில் மனம் தளர்ந்து போவார்கள். புதிதாகப் பின்சீட்டில் உட்காரும் பயிற்சியாளருக்கும் வேலை கடினம். எல்-13-க்கு வேறொரு தலைவலியும் சேர்ந்தது. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை வானத்தில் முறிந்து இருவர் இறந்தனர், அதன்பின் உலகெங்கும் அவை பறக்கவிடாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. பல கிளப்புகளுக்கு வால்சக்கரப் பயிற்சி அன்றோடு முடிந்தது.

ஆகவே என் தேர்வு கிளப்பைப் பொறுத்தது. வாரம் முழுக்கப் பறந்து, அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இருக்கும் இடத்தில், மாணவரை முதல் நாளே வால்சக்கரத்தில் உட்கார வைக்கலாம். ஞாயிறு மட்டும் பறக்கும் சின்னக் கிளப்புக்கு ஏஎஸ்கே 21-ஐத்தான் சொல்வேன், ஆனால் மூக்குச்சக்கரமே இல்லாததுபோல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரதான சக்கரமும் வாலும் சேர்ந்து படட்டும். மூக்கைத் தூக்கும் எலிவேட்டருக்கு (வாலின் கிடைமட்டப் பலகை) வலு இருக்கும்வரை மூக்கு மேலேயே இருக்கட்டும். மூக்குச்சக்கரம் எங்கே இறங்குகிறது என்று பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும், தொட்ட உடனேயே இறங்கினால் அந்தத் தரையிறக்கம் கணக்கில் சேராது.

ஏஎஸ்கே 21-க்குத் துணையாக ஒற்றை இருக்கை ஏஎஸ்கே 23 வைத்திருக்கும் கிளப்புகள் இந்தக் கவலையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அதிலும் மூக்குச்சக்கரம் உண்டு. ஆனால் அடுத்து எல்எஸ்4, டிஸ்கஸ் என்ற ஒற்றை இருக்கைக் கிளைடர்களுக்குப் போனால் மூக்கில் எதுவும் இருக்காது, பின்சீட்டில் ஆளும் இருக்காது. 2-33 மட்டுமே தெரிந்த ஒருவர் அப்படியொரு கிளைடரில் ஏற வந்தால், வால்சக்கர இரட்டை இருக்கையில் சில பறப்புகள் முடிக்காமல் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன். அந்தப் பறப்புகளில் நான் முதலில் பார்ப்பது அவர் எங்கே தொடுகிறார் என்பதையல்ல, தொட்ட பிறகு ஸ்டிக் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான்.