லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை: டிரைவரோடு மல்லுக்கட்டுவதா, கார்டையே மாற்றுவதா?

லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை வரவில்லை என்று யாராவது சொன்னால், "எதுவரை வருகிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். சுற்றிலும் உள்ள வைஃபை பெயர்களே பட்டியலில் இல்லையா? பெயர் தெரிந்தும், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தபிறகும், மறுபடி மறுபடி கேட்கிறதா? இணைந்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அறுந்துபோகிறதா? திரையின் மூலையில் இருக்கும் சின்னம் மூன்றுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது.

உதவி கேட்டால் கிடைக்கும் அறிவுரைகளும் இப்படித்தான் கலந்து கிடக்கின்றன. கெர்னலை (லினக்ஸின் மையக்கருவை) மாற்று என்பார் ஒருவர். வன்பொருளை இயக்கும் டிரைவரை எடுத்து, மூல நிரலிலிருந்து கம்பைல் செய் என்பார் இன்னொருவர். பேசாமல் ஒரு யூஎஸ்பி அடாப்டரைச் செருகு என்பார் மூன்றாமவர். எல்லாமே எங்கோ யாருக்கோ பலித்தவைதான். என் சார்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: வெளியிலிருந்து டிரைவரைக் கொண்டுவந்து கம்பைல் செய்வது இலவசமாகத் தெரியும் வழி, என் கணக்கில் அதுதான் அதிகச் செலவு வைப்பது.

முதலில் நாடி பிடித்துப் பார்ப்பது

ஆர்எஃப்கில் என்ற கட்டளை, ரேடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். மென்பொருள் வழியாக அணைந்திருந்தால் அதே கட்டளையால் திறந்துவிடலாம். வன்பொருள் வழியாக அணைந்திருந்தால் எத்தனை கட்டளை கொடுத்தாலும் திறக்காது. மடிக்கணினியின் ஓரத்தில் இருக்கும் சிறிய சுவிட்சையோ, விமானப் படம் போட்ட விசையையோதான் தேட வேண்டும். இதைப் பார்க்காமல் இயங்குதளத்தையே இரண்டு முறை மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

அடுத்தது எல்எஸ்பிசிஐ. அதை கே என்ற தெரிவோடு ஓட்டினால், வைஃபை சிப்பின் பெயருக்குக் கீழே எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்ற வரி வரும். அந்த வரியே இல்லை என்றால் சிக்கல் டிரைவரில். வரி இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், டிமெசேஜ் காட்டும் கெர்னல் பதிவுகளில் ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம் என்ற புலம்பல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர் நன்றாகவே இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு மட்டும் இல்லை. ஒரு ஃபர்ம்வேர் பொதியை நிறுவினால் முடிகிற வேலைக்கு டிரைவர் கம்பைல் செய்ய இறங்குவது, செருப்பு வார் அறுந்ததற்குக் கால் மாற்றச் சொல்வது மாதிரி. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் இது முன்பு மிக அடிக்கடி நடந்தது. கட்டற்றதல்லாத (மூல நிரல் திறந்திராத) ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்ப்பது என்று 2022இல் அந்தத் திட்டத்தினர் வாக்களித்து முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வழிகாட்டிகளைப் படிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய வழிகாட்டிகள் ஐடபிள்யூகான்ஃபிக் கட்டளையைச் சொல்லும். அதை மறந்துவிட்டு ஐடபிள்யூ என்பதைப் பயன்படுத்துங்கள். பழையது சார்ந்திருக்கும் இடைமுகம் எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. வைஃபை 7 சிப்களிடம் அது செல்லுபடியே ஆகாது.

அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் தெரிந்து, உங்களுடையது மட்டும் தெரியவில்லையா? ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கலாம். நாட்டுக் குறியீடு தவறாக இருந்தால் அந்தச் சேனல்களை வைஃபை அட்டை (கார்டு) தொடாது. அதே ஐடபிள்யூ கட்டளையில் நாட்டுக் குறியீட்டைப் பார்க்கலாம், மாற்றலாம். ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு நகர்த்துவது இன்னும் எளிது.

அறுந்துபோகும் இணைப்பு: பழைய சப்ளிகன்டா, ஐடபிள்யூடியா?

அட்டை தெரிகிறது, இணைகிறது, ஆனால் நிலைக்கவில்லை என்றால் பலர் உடனே சொல்வது, டபிள்யூபிஏ சப்ளிகன்டைத் தூக்கிவிட்டு ஐடபிள்யூடியைப் போடு என்பது. ரவுட்டரோடு கைகுலுக்கி, கடவுச்சொல்லைச் சரிபார்த்து உள்ளே நுழையும் வேலை இவற்றினுடையது. முதலாவது 2003 முதல் யோவுனி மாலினென் என்ற நிரலாளர் எழுதிப் பராமரித்துவருவது. ஏறக்குறைய எல்லா விநியோகங்களிலும், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்கு அடியில் இதுவே ஓடுகிறது. இரண்டாவது இன்டெல் எழுதியது, 2019இல் 1.0 பதிப்பைத் தொட்டது. அளவில் சிறியது, குறியாக்க வேலையில் பெரும்பகுதியைக் கெர்னலிடமே விட்டுவிடுவது. மடிக்கணினி தூக்கத்திலிருந்து எழுந்தபின் மீண்டும் இணைவதில் ஐடபிள்யூடி என் கண்ணுக்கே வேகமாகத் தெரிகிறது. நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அதற்கு அடியிலும் இதை ஓட்டலாம்.

ஆனாலும் வீட்டு வைஃபை மட்டும் பயன்படுத்துகிறவருக்குத்தான் இதைச் சொல்வேன். பயனர்பெயர், சான்றிதழ் எல்லாம் கேட்கும் அலுவலக, பல்கலைக்கழக வலையமைப்புகளுக்கு ஐடபிள்யூடி தனியாக ஓர் அமைப்புக் கோப்பு எழுதச் சொல்லும். பழைய சப்ளிகன்டில் நெட்வொர்க்மேனேஜரின் சாளரத்திலேயே நிரப்பிவிடலாம். மாற்றுகிறவர்கள் பழையதை நிறுத்தாமல் விடுவதும் உண்டு. ஒரே அட்டைக்கு இருவர் அடித்துக்கொண்டால், முன்பு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது இப்போது ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை அறும்.

உண்மையில் இந்தப் போட்டியே பல நேரம் தேவையற்றது. அறுந்துபோவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் மின்சேமிப்பு. அட்டையைக் கண்ணயர விடும் அந்த ஏற்பாட்டைச் சில சிப்கள் சரியாகக் கையாள்வதில்லை. நெட்வொர்க்மேனேஜரின் கோப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்றால் இயங்கும், 2 என்றால் அணையும். இரண்டுதான் அணைப்பது, 0 என்று போட்டுவிட்டு மாற்றமே இல்லை என்று புலம்பக் கூடாது. ஒரு நாள் அணைத்து ஓட்டிப் பார்த்தபிறகு சப்ளிகன்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்பதோ பெரும்பாலும் வேறு கதை. ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையை மட்டும் பேசும்படி அமைந்திருக்கும். பழைய அட்டைக்கோ அதன் டிரைவருக்கோ அந்த மொழி தெரியாது. கடவுச்சொல் தவறு என்று கணினி சொல்வது பொய்.

கெர்னலோடு வருவதா, வெளியிலிருந்து வருவதா?

இனி முக்கியமான சண்டை. சிப் தெரிகிறது, அதைப் பிடிக்க டிரைவர் இல்லை. கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்கள் நல்ல சங்கதி: இன்டெலுக்கு ஐடபிள்யூஎல்வைஃபை, மீடியாடெக்குக்கு எம்டி76, ரியல்டெக்கின் புதிய சிப்களுக்கு ஆர்டிடபிள்யூ88, 89. ஏத்தெரோஸின் பழைய பிசிஐ சிப்களைப் பிடிக்கும் ஏடிஎச்9கே டிரைவருக்கு ஃபர்ம்வேர் கோப்புகூட வேண்டாம். அந்தக் காலத்து மடிக்கணினிகள் இன்றும் மறுபேச்சில்லாமல் ஓடுவதற்கு அது ஒரு காரணம்.

புதிய மடிக்கணினியில் வைஃபை வராததற்கு விடை பெரும்பாலும் வயதுக் கணக்கு. சிப் புதியது, விநியோகம் தரும் கெர்னல் பழையது. இன்டெலின் ஏஎக்ஸ்210 அட்டைக்குக் கெர்னல் 5.10 வேண்டும், மீடியாடெக் எம்டி7921க்கு 5.12. இப்படிப்பட்ட இடத்தில் கெர்னலைப் புதுப்பிப்பதோடு கதை முடிந்துவிடும். உபுண்டு விநியோகத்தின் நீண்டகாலப் பதிப்புகளுக்கென்றே புதிய கெர்னல்கள் தனியாக வருகின்றன. இந்த வழியை எந்தத் தயக்கமும் இல்லாமல் முதலிடத்தில் வைப்பேன்.

வெளி டிரைவர் வேறு பிறவி. லினக்ஸ் கெர்னலின் உள்இடைமுகங்கள் நிலையானவை அல்ல. அப்படி வைப்பதில்லை என்பது கெர்னல்காரர்களின் வெளிப்படையான கொள்கை. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரை, இடைமுகத்தை மாற்றுகிறவரே திருத்திவிடுவார். வெளியில் இருப்பதை அதன் பராமரிப்பாளர் பார்த்துத் திருத்தினால்தான் உண்டு. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் டிரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்யும் என்பது உண்மை. கம்பைல் தோற்றால் அதுவும் தோற்கும். அன்று காலை மடிக்கணினியைத் திறந்தால் வைஃபை இருக்காது, அதைச் சரிசெய்யத் தேவையான இணையமும் இருக்காது.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கினால் இன்னொரு கதவு. கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. கம்பைல் வெற்றி என்று வரும், ஏற்றப்போனால் சாவி மறுக்கப்பட்டது என்று வரும். உங்கள் சாவியைப் பதிவு செய்ய, மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத்திரை சில நொடிகள் வந்து போகும்; அதைத் தவறவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

பிராட்காம் சிப்கள் இதற்குப் பழைய பாடம். பி43 டிரைவர், அந்த நிறுவனத்தின் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து சமூகத்தினர் எழுதியது. 2010இல் அந்த நிறுவனமே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. அது சில சிப்களுக்கு மட்டும். அதே நிறுவனத்தின் டபிள்யூஎல் டிரைவரோ மூடிய பைனரி, மூல நிரல் கிடைக்காது. ஒன்றை ஏற்றினால் மற்றவற்றைத் தடைப்பட்டியலில் போட வேண்டும். என் பழைய மடிக்கணினி ஒன்றில் இதே போன்ற மூடிய டிரைவரோடு சில வருடங்கள் குடித்தனம் நடத்தினேன். ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் முன்னால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அது இணையம் தருகிறதா என்று பார்த்துக்கொண்டபிறகுதான் புதுப்பிப்பேன். அந்தக் கம்பி வழி, டிரைவர் இல்லாத கணினியில் டிரைவரை இறக்க இன்றும் எளிதான தந்திரம்.

யூஎஸ்பி அடாப்டரா, உள்ளே மாற்றுவதா?

இதற்கெல்லாம் பதிலாகச் சிப்பையே மாற்றிவிடலாம். யூஎஸ்பி அடாப்டர் கேஸைத் திறக்காமல் நடக்கும் வழி. ஆனால் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது. ஒரே மாடல் எண்ணில், பதிப்பு மாறும்போது உள்ளே வேறு நிறுவனத்தின் சிப் இருக்கும். சில அடாப்டர்கள் செருகியதும் விண்டோஸ் டிரைவர் வைத்திருக்கும் சிடியாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும்; யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். சந்தையில் பாதி வெளி டிரைவர் கேட்கும் சிப்கள்தான் என்று தோன்றுகிறது. அதை வாங்கினால் கிணற்றுக்குத் தப்பிக் குளத்தில் விழுந்த கதை. கெர்னலுக்குள் டிரைவர் உள்ள மீடியாடெக் சிப்களைத் தேடி வாங்குவது பத்திரம். இன்னொன்று, யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும். சிறிய நகம் போன்ற அடாப்டரை ஹார்ட்டிஸ்குக்குப் பக்கத்தில் செருகிவிட்டு வேகம் இல்லை என்று வருந்துவதைவிட, ஒரு நீட்டிப்புக் கம்பி போடலாம்.

உள்கார்டை மாற்றுவதுதான் என் தேர்வு. பெரும்பாலான மடிக்கணினிகளில் அது 22க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள எம்.2 கார்டு: ஒரே திருகு, இரண்டு ஆன்டெனாக் கம்பிகள். அந்தக் கம்பிகளின் முனைகள் அரிசியளவுதான் இருக்கும். நேராக மேலே தூக்க வேண்டும், கோணலாக இழுத்தால் உடையும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு, அதில் விழுகிறவர்கள் நிறைய. இன்டெல் ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. ஏஎம்டி கணினியிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்க்க அதே மாதிரி இருந்தாலும் வேலையின் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டிடம் விட்டவை. அதற்கான ஏற்பாடு இல்லாத போர்டில் அவை வெறும் தகடு. எண்ணை இரண்டு முறை படியுங்கள். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு யூஎஸ்பிதான் கதி. பழைய மாடல்கள் சிலவற்றின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்), தான் அங்கீகரித்த கார்டுகளைத் தவிர வேறெதையும் கண்டால் தொடங்கவே மறுக்கும். ஆகவே கழற்றிய கார்டைத் தூக்கிப் போடாமல், புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரையாவது மேசை இழுப்பறையில் வைத்திருங்கள்.